தாய் தந்தையின் கனம்

வானொலி மறையுரையின் எழுத்து வடிவம்



சூலை மாதத்தின் நான்காம் ஞாயிறைத் தாத்தா பாட்டிகளுக்கும் முதியோருக்கும் உரிய உலக நாளாகத் திருத்தந்தை பிரான்சிஸ் 2021ஆம் ஆண்டில் ஏற்படுத்தினார். அன்னை மரியாவின் பெற்றோரான புனித சுவக்கீன், அன்னா ஆகியோரின் திருவிழா சூலை 26இல் வருகிறது அல்லவா, அதை ஒட்டியே இந்த நாள். அன்றைக்கு நம் பங்குகளில் என்ன நடக்கிறது? பெரியவர்களை முன்வரிசையில் அமர்த்திச் சால்வை போர்த்துகிறோம். மறைக்கல்விப் பிள்ளைகள் பாட்டுப் பாடுகிறார்கள். காப்பியும் பிஸ்கட்டும் கொடுத்து அனுப்புகிறோம். நல்ல காரியம்தான். ஆனால் அந்தச் சால்வை கோயில் வரைக்கும் நடந்து வர முடிந்தவர்களுக்கு மட்டுமே கிடைக்கிறது. வர முடியாமல் கட்டிலில் கிடப்பவர்களைப் பற்றியும், அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்பவர்களைப் பற்றியும் இன்று பேசலாம் என்று நினைக்கிறோம்.

முதல் வெள்ளிக்கிழமை நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுபோவது எல்லாப் பங்குகளிலும் உள்ள வழக்கம். உபதேசியார் பெயர்களைச் சொல்லுவார். தெருவில் எத்தனை நோயாளிகளோ அத்தனை அப்பங்களை எண்ணிச் சிமிழில் வைத்துக்கொண்டு கிளம்புவோம். அப்படி ஒரு வீட்டுக்குப் போனோம். எண்பது வயதைத் தாண்டிய அம்மா. இடுப்பு எலும்பு முறிந்து படுத்தவர் எழுந்திருக்கவில்லை. எங்களைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. கையெடுத்துக் கும்பிட்டார். செபங்களை ஒரு வார்த்தை விடாமல் சொன்னார். நற்கருணை வாங்கியபின் நம் கையைப் பிடித்து இழுத்து மெதுவாகச் சொன்னார்: "சாமி, இவ எனக்குச் சோறு போடுறதில்ல."

கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் பாதி தின்ற இட்லித் தட்டு இருந்தது. அதை நாம் பார்த்தோம். பார்த்த பிறகும், வாசற்படியில் நின்றிருந்த மருமகளிடம் என்ன சொன்னோம் தெரியுமா? "பெரியவங்களை நல்லாப் பாத்துக்கோங்கம்மா, ஆண்டவர் உங்களை ஆசீர்வதிப்பார்." அந்தச் சகோதரி தலையை மட்டும் ஆட்டினார். தெருவுக்கு வந்ததும் உபதேசியார் சொன்னார்: "சாமி, அந்தப் பிள்ளை பூசைக்கு வந்து ஒம்பது மாசம் ஆச்சு. கிழவியை விட்டுட்டு எப்படி வரும்? யாரும் கேக்கல."

நாமும் கேட்கவில்லை. கட்டிலில் இருந்தவர் பத்து நிமிடம் நம்மிடம் சிரித்தார். மற்ற இருபத்து மூன்று மணி ஐம்பது நிமிடமும் அவர் எப்படி இருப்பார் என்பது அந்த வாசற்படியில் நின்றவருக்குத்தான் தெரியும். வந்து போகிறவர்களிடம் இனிமையாகவும், கூடவே இருப்பவரிடம் கடுமையாகவும் நடந்துகொள்வது முதியவர்கள் பலரிடமும் உள்ள பழக்கம். முதியவர்களை மட்டும் சொல்வானேன், நாமும் அலுவலகத்தில் சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து சீறுகிறவர்கள்தாம்.

நான்காம் கட்டளையை நாம் சிறு வயதில் மனப்பாடம் செய்தோம். பழைய ஞானோபதேசம் படித்தவர்களுக்குச் 'சங்கித்திருப்பாயாக' என்ற சொல் நினைவிருக்கும். இப்போதைய மொழிபெயர்ப்பில் 'மதித்து நட' என்று வாசிக்கிறோம். நம் சீர்திருத்த சபைச் சகோதரர்களின் திருவிவிலியத்தில் 'கனம்பண்ணு' என்றிருக்கிறது. மூன்றில் அந்தக் கடைசிச் சொல் நம்மைச் சற்று நிறுத்துகிறது. கனம் என்றால் மரியாதை. கனம் என்றால் பாரமும்கூட. எபிரேய மொழியிலும் அப்படியேதான். கட்டளையில் வரும் சொல்லின் வேர் எடையைக் குறிக்கும் வேர். ஒருவரை மதிப்பது என்றால் அவரை எடையுள்ளவராகக் கருதுவது. இலேசாக எண்ணித் தள்ளிவிடாதிருப்பது. சீனாய் மலையடிவாரத்தில் இந்தக் கட்டளையைக் கேட்டு நின்றவர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மட்டும் அல்லர். பாலைவனத்தில் வயதான தகப்பனையும் தாயையும் கூட்டிக்கொண்டு நடந்துகொண்டிருந்த பெரிய ஆண்களும் பெண்களும் அதைக் கேட்டார்கள். பெற்றோருக்குக் கீழ்ப்படியும் கடமை பிள்ளை வளர்ந்து தனி வாழ்வு தொடங்கியதும் முடிகிறது, மதிக்கும் கடமை முடிவதில்லை என்றே திருச்சபையின் மறைக்கல்வி நூலும் 2217ஆம் எண்ணில் சொல்கிறது. முதுமையிலும் நோயிலும் பொருளாலும் மனத்தாலும் அவர்களைத் தாங்க வேண்டும் என்பது அதற்கடுத்த எண்.

ஆகவே அப்பா கனக்கிறார், அம்மா கனக்கிறார் என்று சொல்வதில் பாவம் ஒன்றும் இல்லை. கனக்கத்தான் செய்வார்கள். அந்தக் கனத்தை யார் யார் தூக்குகிறோம் என்பதுதான் கேள்வி.

திருவிவிலியத்தில் ஒரு வீட்டைப் பார்ப்போம். தோபித்து நூலின் இரண்டாம் அதிகாரம். தோபித்து நல்ல மனிதர், பசித்தவருக்குச் சோறும் ஆடையற்றவருக்கு ஆடையும் கொடுத்தவர், நாதியற்ற பிணங்களை எடுத்து அடக்கம் செய்தவர். ஓர் இரவு முற்றத்துச் சுவரோரம் படுத்துத் தூங்கினார். மேலே குருவிகள். அவற்றின் எச்சம் கண்ணில் விழுந்து வெண்படலம் படர்ந்தது. மருத்துவர்களிடம் போனார், மருந்து போடப் போட இன்னும் மோசமானது. நான்கு ஆண்டுகள் பார்வை இல்லை. உறவினர் அகிக்கார் இரண்டு ஆண்டுகள் உதவினார், பிறகு அவரும் வேற்றூருக்குப் போய்விட்டார். மனைவி அன்னா துணி நெய்து கூலி வாங்கிக் குடும்பத்தைக் காப்பாற்றினார்.

ஒரு நாள் வேலை கொடுத்தவர்கள் கூலியோடு ஓர் ஆட்டுக்குட்டியையும் கொடுத்து அனுப்பினார்கள். வீட்டுக்குள் ஆடு கத்தியது. பார்வையற்ற மனிதர் கேட்கிறார்: இந்த ஆடு எங்கிருந்து வந்தது? திருடியதா? கொண்டுபோய்த் திருப்பிக் கொடு! அன்னா விளக்குகிறார், கூலிக்கு மேல் அன்பளிப்பாகக் கொடுத்தார்கள் என்று. தோபித்து நம்பவில்லை, மனைவியை நினைத்து வெட்கப்படுகிறார். அதன்பின் அன்னா பொறுக்கவில்லை. உம்முடைய தர்மமும் நற்செயல்களும் எங்கே போயின, உமது குணம் இப்போதல்லவா தெரிகிறது என்று திருப்பிக் கேட்டுவிடுகிறார். தோபித்து அழுது, தன்னை எடுத்துக்கொள்ளும்படி கடவுளிடம் மன்றாடுகிறார்.

நெய்து நெய்து விரல் தேய்ந்து வந்த பெண்ணைப் பார்த்துத் 'திருடி' என்று சொன்னால் எப்படி இருக்கும்! நம் வீடுகளிலும் இதே சொல்தான் வருகிறது. என் சங்கிலியை எடுத்துவிட்டாள், பென்ஷன் பணத்தை ஒளித்துவிட்டான், எனக்கு வைத்த பழத்தைத் தன் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டாள். ஆனால் தோபித்தின் பக்கமும் ஒரு நிமிடம் நில்லுங்கள். வாழ்நாளெல்லாம் கொடுத்துப் பழகிய கை அது. இப்போது மனைவியின் கூலியில் சாப்பிடுகிறது. தட்டில் என்ன இருக்கிறது என்பதைக்கூட இன்னொருவர் சொல்லித்தான் அறிகிறது. பெரியவர்களின் கோபத்தில் பாதி வெட்கம் என்பது நம் எண்ணம். கழிப்பறைக்கு மகன் கையைப் பிடித்துப் போக வேண்டியிருக்கிறதே, துணியை மருமகள் மாற்ற வேண்டியிருக்கிறதே என்ற வெட்கத்தைச் சொல்ல வார்த்தை கிடைக்காமல், காப்பி ஆறிவிட்டது என்று கத்துகிறார்கள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அன்னா திருப்பிக் கேட்டதைத் திருவிவிலியம் மறைக்கவில்லை. பொறுமையே வடிவான மனைவி என்று பூசி மெழுகவில்லை. அவர் எரிந்து விழுந்தார், அது எழுதப்பட்டிருக்கிறது. அந்த வீட்டின் மன்றாட்டைக் கடவுள் கேட்கிறார், அந்த வீட்டுக்கே வானதூதர் இரபேலை அனுப்புகிறார். தோபித்தும் அதோடு நின்றுவிடவில்லை. நான்காம் அதிகாரத்தில் மகன் தோபியாவைக் கூப்பிட்டு, தான் இறந்தபின் அவன் கடைப்பிடிக்க வேண்டியவற்றைச் சொல்கிறார். தன் அடக்கத்தைப் பற்றிச் சொன்னவுடனே அவர் சொல்வது, உன் தாயைக் கைவிடாதே, உன்னை வயிற்றில் சுமந்தபோது அவள் பட்டதை மறவாதே என்பது. ஆட்டுக்குட்டிக்காக யாரோடு சண்டை போட்டாரோ அதே அன்னாவைப் பற்றி!

சகோதர சகோதரிகளே, எல்லாச் சிடுசிடுப்பும் குணத்தால் வருவதில்லை. நோயாலும் வருகிறது. இதைப் பிரசங்கத்தில் சொல்லலாமா என்று கேட்பவர்கள் உண்டு, சொல்லத்தான் வேண்டும். நேற்று வரை தெளிவாக இருந்தவர் இரண்டொரு நாளில் திடீரென்று குழம்பிப் பேசுகிறார் என்றால், சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம், உடலில் உப்பின் அளவு குறைந்திருக்கலாம், புதிதாகத் தொடங்கிய மாத்திரையாக இருக்கலாம். பேய் பிடித்துவிட்டது என்று நினைக்காமல் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக மறதி கூடுகிறது, கேட்டதையே கேட்கிறார், பொழுது சாய்ந்தால் பதற்றமாகி 'என்னை வீட்டுக்குக் கூட்டிப்போ' என்கிறார், சொந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டே! அது மறதி நோயாக இருக்கலாம். அவரோடு வாதாடி வெல்ல முடியாது. "இதுதான்ப்பா நம்ம வீடு" என்று பத்து முறை சொல்வதைவிட, "சரிப்பா, கொஞ்சம் கஞ்சி குடிச்சிட்டுப் போவோம்" என்பது நல்லது. காது கேளாமை இன்னொரு கள்ளன். நாலு பேர் பேசுவது காதில் விழாவிட்டால், தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று தோன்றும். கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் எழுதிய சீராக்கே, தந்தையின் அறிவு மங்கினாலும் பொறுத்துக்கொள், இகழாதே என்று மூன்றாம் அதிகாரத்தில் மகனுக்குப் புத்தி சொல்கிறார். அந்தக் காலத்திலும் வீட்டுக்கு வீடு இதுதான் நடந்திருக்கிறது.

இப்போது ஒரு புனிதரின் வீட்டுக்குப் போவோம். சிறுமலர் என்று நாம் அழைக்கும் குழந்தை இயேசுவின் புனித தெரேசாவின் தந்தை லூயி மார்ட்டின். மனைவி செலியோடு சேர்த்து 2015ஆம் ஆண்டு அக்டோபர் 18ஆம் நாள் புனிதராக உயர்த்தப்பட்டவர். அவருடைய கடைசி ஆண்டுகளைப் பற்றி நம் கோயில்களில் அதிகம் பேசுவதில்லை. கடிகாரம் செய்யும் தொழில், ஐந்து பெண் பிள்ளைகள், செபம், மீன்பிடித்தல் என்று வாழ்ந்த மனிதர். 1887ஆம் ஆண்டு மே மாதம் முதல் பக்கவாதம். அடுத்த ஆண்டு ஏப்ரலில் பதினைந்து வயது தெரேசா லிசியே நகரக் கார்மேல் மடத்தில் சேர்ந்தார். இரண்டு மாதத்தில் அப்பா யாரிடமும் சொல்லாமல் வீட்டை விட்டுப் போய்விட்டார். பிள்ளைகள் பதறித் தேடி, நான்கு நாள் கழித்து லே ஆவர் துறைமுக நகரில் கண்டுபிடித்துக் கூட்டி வந்தார்கள். பிறகு மனம் கலங்கி, வீட்டைச் சுற்றிப் போர் நடப்பதாகவும் பிள்ளைகளைக் காக்க வேண்டும் என்றும் நினைத்துக் கைத்துப்பாக்கியை எடுத்துவிட்டார். இனி வீட்டில் வைத்திருக்க முடியாது. 1889ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள், கான் என்ற நகரில் அருள்சகோதரிகள் நடத்திய மனநோய் மருத்துவமனையில் சேர்த்தார்கள். மூன்று ஆண்டுகளுக்கும் மேல் அங்கே இருந்தார்.

ஊர் என்ன பேசியிருக்கும்? நம் ஊர் பேசுவதையேதான் பேசியது. மகள்கள் ஒவ்வொருவராக மடத்துக்குப் போய்விட்டார்கள், செல்லமான கடைசிப் பிள்ளையும் போனதால்தான் மனிதர் இப்படி ஆகிவிட்டார் என்றார்கள். அந்தப் பேச்சு மடத்துச் சுவரைத் தாண்டித் தெரேசாவின் காதுக்கும் போனது. மடத்துக்கு வெளியே இருந்த லெயோனியும் செலினும் முதலில் சில மாதங்கள் கான் நகரிலேயே தங்கி அப்பாவைப் போய்ப் பார்த்தார்கள். 1892 மே மாதம், கால்கள் செயலிழந்து இனி எங்கும் போக முடியாது என்ற நிலையில் அவரை வீட்டுக்குக் கூட்டி வந்தார்கள். செலினுக்கும் கார்மேலில் சேர ஆசை. அப்பாவுக்காகக் காத்திருந்தார். 1894 சூலை 29இல் தந்தை இறந்தபிறகு, செப்டம்பர் 14ஆம் நாள்தான் மடத்தில் நுழைந்தார்.

புனிதர்களின் வீடு இது. புனிதத் தந்தையை மனநோய் மருத்துவமனையில் விட்டுவிட்டு வந்த வீடு. அதனால் அந்தப் பிள்ளைகள் அவரை மதிக்கவில்லை என்று யார் சொல்லத் துணிவார்? வீட்டில் தாங்க முடியாதபோது தகுந்த கைகளில் ஒப்படைப்பதும், ஒப்படைத்தபின் போய்ப் பார்ப்பதும், முடிந்தபோது மறுபடி கூட்டி வருவதும் எல்லாம் அந்தக் கட்டளைக்குள்தான் அடங்கும். முதியோர் இல்லத்தில் விட்டவரெல்லாம் பாவி, வீட்டில் வைத்திருப்பவரெல்லாம் புண்ணியவான் என்று நாம் மேடையில் பேசுவது தவறு. வீட்டில் வைத்து மாடிப்படிக்குக் கீழே போட்டிருப்பவர்களும் உண்டு. ஆனால் இல்லத்தில் விட்டுவிட்டு, பணம் கட்டியதோடு சரி என்று போகாமலே இருப்பதற்கு லூயி மார்ட்டினின் வீட்டைச் சாட்சிக்கு அழைக்க வேண்டாம்.

சரி, தூக்குவது யார்? நம் குடும்பங்களில் ஐந்து பிள்ளைகள் இருந்தால் ஒருவர் தூக்குகிறார். நான்கு பேர் ஆலோசனை சொல்கிறார்கள். பெரும்பாலும் அந்த ஒருவர் திருமணமாகாத மகள், அல்லது கடைசி மகனின் மனைவி. வளைகுடாவில் இருக்கும் அண்ணன் கைபேசியில் முகம் பார்த்துவிட்டு, "அம்மா ஏன் இப்படி மெலிஞ்சிட்டாங்க? ஒழுங்காச் சாப்பாடு குடுக்கிறதில்லையா?" என்கிறார். அக்கா வந்து இரண்டு நாள் இருந்து, அலமாரியை அடுக்கிவைத்துவிட்டு, "வீட்டை உனக்குத்தானே எழுதினாங்க, நீதான் பாக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போகிறார். இரவு மூன்று மணிக்குப் படுக்கை நனைவதும், இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் முதுகில் புண் வருவதும் ஆலோசனை சொல்பவர்களுக்குத் தெரியாது.

மாற்கு நற்செய்தி ஏழாம் அதிகாரத்தில் ஆண்டவர் இதைப் பற்றித்தான் கோபப்படுகிறார். தாய் தந்தைக்குச் சேர வேண்டியதைக் 'கொர்பான்', அதாவது கடவுளுக்குக் காணிக்கை என்று சொல்லிவிட்டுப் பெற்றோருக்கு ஒன்றும் செய்யாமல் தப்பித்துக்கொண்டவர்களை அவர் வன்மையாகக் கண்டிக்கிறார். அந்தப் பகுதியைக் குருக்களாகிய நாங்கள் வாசிக்கும்போது குரல் கொஞ்சம் இறங்கத்தான் வேண்டும். நம் தாயாரும் மூன்று ஆண்டுகள் அண்ணன் வீட்டில் படுக்கையில் இருந்தார். அண்ணிதான் பார்த்துக்கொண்டார். ஒரு முறை போனபோது அண்ணி கேட்டார்: "சாமி, அம்மா ராத்திரியெல்லாம் உங்க பேரைத்தான் சொல்றாங்க. ஒரு ராத்திரி இருந்துட்டுப் போங்களேன்." மறுநாள் காலையில் திருப்பலி இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கிளம்பி வந்தோம். பக்கத்துப் பங்கில் ஒரு சாமியாரிடம் சொல்லியிருந்தால் அந்தத் திருப்பலியை அவர் நிறைவேற்றியிருப்பார். கொர்பான். அண்ணி ஒன்றும் சொல்லவில்லை. பேருந்தில் சாப்பிட என்று புளிச்சோறு கட்டிக் கொடுத்தார்.

ஆண்டவரோ சிலுவையில் தொங்கும்போது, உலகை மீட்கும் வேலையில் இருக்கும்போதே, தம் தாயை நினைத்தார். தாமே பார்த்துக்கொள்ள முடியாத நிலை. அன்புச் சீடரிடம் ஒப்படைத்தார், அவர் அன்று முதல் மரியாவைத் தம் வீட்டில் ஏற்றுக்கொண்டார். தம் தாய்க்காக இன்னொருவரிடம் உதவி கேட்பதில் ஆண்டவர் குறைவைக் காணவில்லை. நமக்கு மட்டும் ஏன் இந்த மானம்? "எங்க அம்மாவை நாங்க பாத்துக்குவோம், அடுத்தவங்க எதுக்கு" என்று வாசலைச் சாத்திக்கொண்டு உள்ளே நொறுங்குகிறோமே.

நொறுங்கும்போது மனத்தில் சில நினைப்புகள் வரும். இவர் சீக்கிரம் போய்ச் சேர்ந்தால் தேவலை என்று வரும். வந்தபின் பயம் வரும், நாம் இவ்வளவு கெட்டவர்களா என்று. தோபித்தே தன் சாவுக்காக மன்றாடினார். களைப்பில் வந்துபோகும் நினைப்பு வேறு, வேண்டுமென்றே பட்டினி போடுவதும் கையை ஓங்குவதும் வேறு. பின்னது பாவம், கனமான பாவம். கை ஓங்கப் போகிறது என்று தெரிந்தால், கட்டிலிலிருந்து விழாதபடி பார்த்துவிட்டு, அறையை விட்டு வெளியே வாருங்கள். முகத்தைக் கழுவுங்கள். யாரையாவது கூப்பிடுங்கள். ஒரு பருவம் குறைந்தால் செபமாலை காத்திருக்கும், அதில் குற்றமில்லை.

இன்னும் கடினமான ஓர் இடம் இருக்கிறது. எல்லோருக்கும் தோபித்தோ லூயி மார்ட்டினோ தகப்பனாக வாய்ப்பதில்லை. குடித்துவிட்டு அம்மாவை அடித்தவர், பள்ளிக்கூடக் கட்டணத்தைச் சாராயக் கடையில் விட்டவர், பெண்ணாகப் பிறந்தாயே என்று வளரும் வரை சொல்லிக்காட்டியவர். அவரும் கிழவராகிறார். அவருக்கும் கால் நடுங்குகிறது. பிள்ளை வாசலில் வந்து நிற்கிறார். ஊரார் நான்காம் கட்டளையை ஞாபகப்படுத்துகிறார்கள். அந்தப் பிள்ளையிடம் நாம் என்ன சொல்வது?

மதிப்பது என்றால் நடந்ததை நடக்கவில்லை என்று சொல்வதல்ல. தொடக்க நூல் ஒன்பதாம் அதிகாரத்தில் நோவா குடித்துவிட்டு ஆடையின்றிக் கிடக்கிறார். திருவிவிலியம் அதை மறைக்கவில்லை. சேமும் எப்பேத்தும் ஒரு போர்வையை எடுத்து, இருவர் தோளிலும் போட்டுக்கொண்டு, பின்னாகவே நடந்து போய் மூடினார்கள். அவர்கள் அந்த வெட்கத்தை வேடிக்கை பார்க்கவில்லை, அதே வேளையில் அப்பா குடிக்கவில்லை என்றும் சொல்லவில்லை. இருவர் சேர்ந்து தூக்கியதையும் கவனியுங்கள். புண்பட்ட பிள்ளை தன் கையாலேயே அப்பாவைக் குளிப்பாட்ட வேண்டும் என்று எந்தக் கட்டளையும் கட்டாயப்படுத்தவில்லை. சாப்பாடு, மருந்து, படுக்க இடம், இவை குறையாமல் பார்க்க வேண்டும். தொட்டுச் செய்யும் வேலையை இன்னொருவர் செய்யட்டும். மன்னிப்பு என்பது மருந்துச் சீட்டில் தேதி போட்டு எழுதிக் கொடுக்கும் காரியமல்ல. அதைச் சீக்கிரம் கொடுத்து முடி என்று அவசரப்படுத்தும் உரிமை நமக்கும் இல்லை.

மறுபக்கம், உண்மையிலேயே கைவிடப்பட்ட பெற்றோரும் இந்த ஒலிபரப்பைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். உங்களுக்காகச் சட்டம் இருக்கிறது. 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின்படி கோட்டாட்சியர் அலுவலகத்தில் மனுக் கொடுக்கலாம். மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை கொடுக்கும்படி பிள்ளைகளுக்கு உத்தரவிட அந்தச் சட்டத்தில் இடமுண்டு. பெற்ற பிள்ளை மேல் மனுக் கொடுக்க எந்தத் தாய்க்கும் மனம் வராது, தெரியும். 14567 என்பது முதியோருக்கான உதவி எண், கட்டணமில்லை. முதலில் அதில் பேசிப் பாருங்கள். நம் மாநிலத்தில் 2021 முதல் நடக்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், படுக்கையில் இருப்பவர்களின் வீட்டுக்கே வந்து பார்க்கும் ஏற்பாடும் இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்யுங்கள். கோயிலில் இதையெல்லாம் அறிவிப்பது திருமண அறிக்கை வாசிப்பதைப் போலவே நம் வேலைதான்.

அன்பியங்கள் இருக்கின்றன, வின்சென்ட் தே பவுல் சபை இருக்கிறது, மரியாயின் சேனை இருக்கிறது. அறிக்கைப் புத்தகத்தில் 'நோயாளிகளைச் சந்தித்தோம், பன்னிரண்டு வீடு' என்று எழுதுகிறோம். சந்தித்தோம், செபித்தோம், வந்தோம். அந்த எண்ணிக்கையோடு இன்னொன்றையும் எழுதலாமே: எத்தனை மணி நேரம் உட்கார்ந்தோம், எத்தனை பேரைத் தூங்கவிட்டோம் என்று. ஞாயிறு காலை முதல் பூசைக்குப் போய் வந்த ஒருவர், இரண்டாம் பூசை நேரத்தில் அந்த வீட்டில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் போதும். பெரிய தியாகம் ஒன்றுமில்லை. கிழவி திட்டுவார், கேட்டுக்கொள்ளலாம். நம்மைத் திட்டினால் அது அவ்வளவாக வலிக்காது.

அடுத்த முதல் வெள்ளிக்கிழமை அந்த வீட்டுக்கு மறுபடியும் போனோம். இம்முறை சிமிழில் அந்த வீட்டுக்கென்று இரண்டு அப்பங்கள். ஒப்புரவுக்கு வேண்டுமானால் சாமியார் கொஞ்சம் முன்னதாகவே வருவார் என்று உபதேசியார் அந்தச் சகோதரியிடம் சொல்லி வைத்திருந்தார். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் முழங்காலிட்டார். பெரியம்மா பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இவளுக்கும் உண்டா சாமி?"

"உண்டும்மா."

கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு நல்ல காலை மெதுவாக நகர்த்திக் கட்டில் ஓரத்தில் இடம் விட்டார். "அப்ப ஏன் தரையில மண்டி போடுற? முட்டி வலிக்குதுன்னு சொன்னியே. இங்க உக்காரு."

செபம் முடிந்து நாங்கள் எழுந்தபோது வழக்கம்போல நம் கையைப் பிடித்து இழுத்தார். "சாமி, எல்லாம் சரிதான். ஆனா காப்பியில சீனி போட மாட்டேங்கறா."

"உங்களுக்குச் சக்கரை நோயி அத்தை" என்றார் மருமகள், உட்கார்ந்த இடத்திலிருந்தே.